‘தற்போதைய’வுக்குள் இருக்கும் சொல்

கிளை நூலகம்
பிப்ரவரி 4

சொல் பிரிவு அதிகாரிக்கு, அதாவது என் தம்பிக்கு,

இதைக் காகிதத்தில் எழுத வைத்தவன் நீ. மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று முறையும் ‘தடுக்கப்பட்ட சொல் உள்ளது’ என்று திரும்பி வந்தது. தடுக்கப்பட்ட சொல்லைப் பற்றிய புகாரில் அந்தச் சொல் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? உங்கள் இணையப் பாதுகாப்பு வாரியத்தில் யாருமே இதை யோசிக்கவில்லையா, இல்லை யோசித்துத்தான் இப்படி வைத்தீர்களா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஆகவே தபால்.

புதிய இணையக் கொள்கை என்று சொல்லி நூலகக் கம்ப்யூட்டர்களில் உங்கள் வடிகட்டியை மாட்டி இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாள் ‘கள்’ என்ற சொல்லைத் தடுத்தீர்கள். குடிக்கிற கள். புத்தகங்கள், பிள்ளைகள், நீங்கள், நாங்கள் எதுவும் திறக்கவில்லை. ஒரே பகலில் உலகம் முழுக்க ஒருமையாகிவிட்டது. மாலையில் எடுத்துவிட்டீர்கள், புண்ணியம். அடுத்து ‘மது’. ‘நமது வங்கி’, ‘நமது பள்ளி’ என்று எழுதியிருந்தவர்கள் எல்லோரும் குடிகாரர்கள் ஆனார்கள். அதையும் சரி செய்தீர்கள். இப்போது ‘போதை’.

‘தற்போதைய’ என்று ஒரு சொல் இருக்கிறது, தம்பி. அதன் நடுவில் உன் போதை சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. நேற்று ஒரு எலெக்ட்ரீஷியன் ‘தற்போதைய காலியிடங்கள்’ என்று தேடினார். திரை சிவப்பாகி, ‘உங்கள் தேடல் பதிவு செய்யப்பட்டது’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தார். எலெக்ட்ரீஷியன் என்னிடம் வந்து, “நான் என்னம்மா தப்பு பண்ணேன், வேலைதான கேட்டேன்?” என்றார். என்ன சொல்வது? எங்கள் நூலகத்தில் இப்போது போன வருடச் செய்தி கிடைக்கும், அடுத்த வருட ராசிபலன் கிடைக்கும், நடப்பது மட்டும் கிடைக்காது.

‘தற்போதைய’வை மட்டும் விடுவித்துவிட்டு வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்ளாதே. ‘போதை’ என்ற சொல்லையே விடுவிக்க வேண்டும். அதைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். காரணத்தோடு வருகிறவர்கள்.

நவம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நடந்ததற்காக நீ இன்னும் முறைத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. தடுக்கும் சொற்களில் ‘குண்டு’ என்று வாசித்தவன் நீ. “அப்படின்னா வீட்ல என் தம்பிய எப்படிக் கூப்பிடறது?” என்று மைக்கில் கேட்டவள் நான். கேள்வி நியாயமானது. சபை சிரித்ததற்கு நான் பொறுப்பில்லை.

அக்கா


இணையப் பாதுகாப்பு வாரியம், சொல் பிரிவு
பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு,

தங்கள் 4ஆம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றது.

‘தற்போதைய’, ‘இப்போதைய’, ‘அப்போதைக்கு’ ஆகிய சொற்கள் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. ‘எப்போதைக்கும்’ பரிசீலனையில் உள்ளது. தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். ‘போதை’ என்ற சொல்லை விடுவிப்பதற்கில்லை. மாத்திரைகளை இணையம் வழியாக இளைஞர்களுக்கு விற்போரைத் தடுப்பதே இக்கொள்கையின் நோக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

மேலும், தங்கள் கிளையில் மூன்று வாசகர் அட்டைகளில் தடுக்கப்பட்ட தேடல்கள் அளவுக்கு மேல் பதிவாகியுள்ளன. அட்டை எண்கள் மட்டுமே எங்களிடம் உள்ளன. அவற்றுக்கு உரியவர்களின் பெயரையும் முகவரியையும் மார்ச் மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். அவை காவல் துறைக்கு அனுப்பப்படும். இது வழக்கமான நடைமுறை.

இப்படிக்கு,
சொல் பிரிவு அதிகாரி

தனிக்குறிப்பு: அலுவலகத்தில் என்னை இப்போது ‘குண்டு சார்’ என்கிறார்கள். வாசல் காவலரும் சேர்த்து. பதினோரு வருடம் உழைத்துச் சம்பாதித்த மரியாதை ஒரு மைக்கில் போயிற்று. இனிமேல் அலுவல் விஷயமாக மட்டும் எழுதவும்.


கிளை நூலகம்
பிப்ரவரி 15

தாங்கள் அவர்களுக்கு,

தாங்களாம். உன் மூக்கைச் சிந்திவிட்ட கை இது.

பெயர் தரமாட்டேன். இதை அலுவல் விஷயமாகவே எடுத்துக்கொள்.

நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஒருவர் புத்தகம் எடுத்துப் போனால் அது திரும்பி வரும்வரை மட்டும் அவர் பெயர் அந்தப் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். திரும்பி வந்த நிமிடம் அழித்துவிடுவோம். யார் எதைப் படித்தார் என்று என் நூலகத்துக்கே தெரியாது. மூலநோய்ப் புத்தகம் எடுத்தவரும் விவாகரத்துச் சட்டம் எடுத்தவரும் மறுநாள் என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டுமே. கம்ப்யூட்டர் வந்ததும் இது மாறிவிடுமா? காகிதத்தில் படித்தால் வாசகர், திரையில் படித்தால் சந்தேகப் பேர்வழி, அப்படியா?

மாத்திரை விற்கிறவர்களைப் பிடிக்கப் போகிறீர்களாம். விற்கிறவன் எவனாவது ‘போதை’ என்று எழுதுவானா? ‘மிட்டாய்’ என்பான். ‘மிட்டாய் வந்தாச்சு, ஜன்னல் திறந்திருக்கு’ என்று எழுதுவான். அதை உன் வடிகட்டி பல்லிளித்துக்கொண்டு விட்டுவிடும். ‘போதை’ என்று முழுதாக எழுதுகிறவர்கள் டாக்டரும், போலீசும், வீட்டில் இரவெல்லாம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும்தான்.

அந்த மூன்று அட்டைகளிலும் இருப்பது உன் ‘தற்போதைய’ செய்த கோளாறு. வேலை தேடியிருப்பார்கள். விஷயம் அவ்வளவுதான்.

உன் மருமகன் நலம். என் போன் தொலைந்துவிட்டது, பட்டன் போன்தான் இருக்கிறது. அதற்கும் நீ கூப்பிடப் போவதில்லை.

அக்கா


சொல் பிரிவு
பிப்ரவரி 22

மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு,

மூன்று அட்டைகளிலும் உள்ளவை ‘தற்போதைய’ என்ற சொல்லால் ஏற்பட்ட தவறுகள் எனக் கூறியுள்ளீர்கள். எங்கள் கருவி முழுத் தேடலையும் சேமிக்கிறது. முதல் அட்டையில் உள்ளது: ‘போதைப் பழக்கம் பரம்பரையாக வருமா’. இரண்டாவது: ‘போதை நிறுத்தினால் தூக்கம் எப்போது வரும்’. எதிலும் ‘தற்போதைய’ இல்லை. வாரியத்துக்குத் தவறான தகவல் தருவது

(23 காலை)

மேலே உள்ளதை நேற்று எழுதிக்கொண்டிருந்தேன். முடிக்கவில்லை. மூன்றாவது அட்டையை இன்றுதான் திறந்தேன்.

அக்கா, எல்லோரும் தேடும்போது சொல்லை எடுத்து வீசுவார்கள். இந்த அட்டைக்காரர் மட்டும் மெஷினிடம் மனுக் கொடுக்கிறார். ‘பத்தொன்பது வயதுப் பையன் போதை மாத்திரையை விட்டால் கை நடுக்கம் எத்தனை நாள் இருக்கும் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.’ கடைசியில் முற்றுப்புள்ளி. தேடல் பெட்டியில் முற்றுப்புள்ளி வைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். ஒரு அட்டை கண்காணிப்பில் விழுந்துவிட்டால் அதில் அடிப்பது எல்லாமே பதிவாகும். சிவப்புத் திரை வந்த பிறகு ஒரு தடவை ‘பரவாயில்லை, நன்றி.’ என்று அடித்திருக்கிறாய். அதை வாசித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

போன கடிதத்தில் ‘மிட்டாய்’ என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல் எங்கள் பிரிவுக்கே போன மாதம்தான் தெரியும். உனக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். மருமகன் ஒரு வருடமாக என் போனை எடுப்பதில்லை. காலேஜுக்குப் போய்ப் பெரிய மனிதனாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன்தானே?

எண்ணைப் பார்த்தால் அந்த மூன்றாவது அட்டை உங்கள் ஊழியர் சோதனை அட்டை. அதை மட்டும் நான் ‘சோதனை’ என்று காட்டி எடுத்துவிட முடியும், யாரும் கேட்கமாட்டார்கள். மற்ற இரண்டு பேரின் பெயரை அனுப்பிவிடு. நம் வீட்டுக்குப் போலீஸ் வராது. இதை உடனே செய்யலாம், பதில் போடு. இல்லை, வீட்டுக்கு நானே கூப்பிடுகிறேன்.

தம்பி


கிளை நூலகம்
பிப்ரவரி 28

தம்பி,

கூப்பிடாதே. வீட்டில் அவன் பக்கத்து அறையில்தான் இருக்கிறான். சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, அவனுக்கு இருக்கிறது.

நீ அதையெல்லாம் வாசித்தாய் என்று தெரிந்தபோது மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. பல்துலக்காத என் முகத்தை யாரோ படம் எடுத்து எனக்கே தபாலில் அனுப்பியது போல. நீ என் தம்பி. உனக்கே இப்படி என்றால், உன் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவன் இருந்திருந்தால்? அந்த மற்ற இரண்டு பேருக்கும் முன்பின் தெரியாதவன் நீதான்.

ஆமாம், அவன்தான். ஏழெட்டு மாதமாக இருக்கும். எனக்குத் தெரிந்தது அக்டோபரில். முதலில் பகல் முழுக்கத் தூங்கினான், படிப்புச் சோர்வு என்று நினைத்தேன். அப்புறம் என் போன் ‘தொலைந்தது’. அவனுடைய போனில் ஒரு நாள் அந்த மிட்டாய்ச் செய்தியைப் பார்த்தேன். கேட்டேன். காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், இனிமேல் இல்லை என்றான். அந்த வாரமே உன் அத்தானின் கைக்கடிகாரம் தொலைந்தது. உன் அத்தான் கப்பலிலிருந்து ஜூன் மாதம்தான் வருவார். அவரிடம் சொல்லவில்லை. எங்கள் தெரு டாக்டரிடம் போனால், மருந்து வாங்கி வெளியே வருவதற்குள் தெருமுனைக்குச் செய்தி போய்விடும். நூலகத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே பெற்றோரைத் திட்டுகிறது. மூடி வைத்துவிட்டேன்.

ஊரில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் தேடி எடுத்துக் கொடுக்கிறவள் நான். பென்ஷன் விதி, முயல் வளர்ப்பு, அந்தக் காலத்து ரயில் பாதை, எது வேண்டுமானாலும். என் பிள்ளையின் கை ஏன் நடுங்குகிறது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சிவப்புத் திரை வருகிறது. அந்தத் திரையைச் செய்தவன் என் கூடப் பிறந்தவன். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று இங்கே எழுதினால் காகிதம் தாங்காது.

மற்ற இருவரையும் எனக்குத் தெரியும். யார் என்று சொல்லமாட்டேன். அவர்களில் ஒருவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரும்போது நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நானும் அப்படித்தான் திருப்பிக்கொள்கிறேன். என்னை எடுத்துவிட்டு அவர்களைக் கொடு என்கிறாய். போலீஸ் வந்தால் தேடியவரிடம் வராது தம்பி, யாருக்காகத் தேடினார்களோ அந்தப் பிள்ளையின் படுக்கைக்கு வரும். எடுத்தால் மூன்றையும் எடு. இல்லாவிட்டால் மூன்றாவது பெயரை நானே எழுதி அனுப்புகிறேன். என் பெயர், என் முகவரி, பின்கோடு உட்பட.

அக்கா


மார்ச் 5

அக்கா,

சொல்வது சுலபம். ஒரு அட்டை என்றால் கண்ணில் படாது. மூன்று என்றால் இயக்குநர் அம்மா கேட்பார். கேட்டால் என் தலைதான் உருளும். எனக்கும் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

என்னைப் பெரிய வில்லனாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இணையத்தில் வாங்கிய மாத்திரையைத் தின்று செத்துப்போனாள். அவள் அப்பா எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். மதியம் வரைக்கும் நின்றுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை வரைவுப் பட்டியலில் சேர்த்தேன். நான்தான் சேர்த்தேன், வேறு யாரும் இல்லை. அவருக்காக ஏதாவது செய்தோம் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். விற்கிறவன் வேறு சொல் சொல்வான் என்று நீ எழுதியதைப் பத்துத் தடவை வாசித்துவிட்டேன். எரிச்சலாக இருக்கிறது.

மருமகனை என்னிடம் அனுப்பிவிடு. இங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன். பிடிவாதம் பிடிக்காதே.

தம்பி


மார்ச் 9

தம்பி,

அனுப்பி வைக்க அவன் பார்சலா?

முந்தாநாள் போனவன் இன்னும் வரவில்லை. கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போகிறேன். பால்காரர், பேப்பர்காரர், பக்கத்து வீட்டு நாய். இங்கே நூலகத்திலும் உட்கார முடியவில்லை. அலமாரியில் அடுக்கினதையே எடுத்து மறுபடி அடுக்குகிறேன்.

உங்கள் வாரியத்து ஆள் ஒருவர் நேரில் வந்தார். பெயர் தராவிட்டால் என் மேல் நடவடிக்கை என்றார். தரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் உதவி வேண்டாம். உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

வந்துவிட்டானா? ஒரு வரி எழுது. ‘வந்தான்’ என்று மட்டும் எழுதினால் போதும்.

இதோடு ஒரு கற்றைக் காகிதம் இருக்கிறது. என் கையெழுத்து புரியாவிட்டால் திட்டிக்கொண்டே படி. வடிகட்டி செய்கிறவர்களுக்கு வடிகட்டி கிடையாது. என் மேசையில் எந்தப் பக்கமும் திறக்கும். அச்சடித்தால் பதிவாகும், போனை உள்ளே விடமாட்டார்கள். கையால் எழுதுகிறவனை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை, வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாலு நாள் எழுதினேன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறது, அதை முதலில் படி. நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எதனால், எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பேச வேண்டும், எல்லாம் எழுதியிருக்கிறேன். உன் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு மையம் இருக்கிறது. பெயர் கேட்கமாட்டார்களாம். போன் நம்பரைக் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

சொல்லை விடுவிக்கச் சொல்லிக் குழுவில் கேட்டேன். தாய்மார்கள்தான் இந்தச் சொல்லைத் தேடுகிறார்கள் என்றேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார்கள். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் அதை எப்படிச் சொல்வது? கை தூக்கியது நான் ஒருவன்தான். தோற்றுவிட்டோம்.

மூன்று அட்டைகளைப் பற்றி இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ‘இவை மூன்றும் சொல் பிரிவின் வேண்டுகோளின்படி கிளை நூலகர் செய்த சோதனைத் தேடல்கள். வேண்டுகோள் விடுத்தவன் நான்.’ இயக்குநர் அம்மா, “வேண்டுகோள் எழுத்துல எங்க?” என்று கேட்டார். “வாய்ல சொன்னேன் மேடம், அவங்க என் அக்கா” என்றேன். கோப்பில் கையெழுத்துப் போட்டு மூடினார். பெயர் கேட்டு உனக்கு இனிக் கடிதம் வராது. எனக்கு மெமோ வந்திருக்கிறது, சொல் பிரிவில் இனி நான் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து தளவாட அறை. நாற்காலி எத்தனை, மேசை எத்தனை என்று பார்க்கிற வேலை. நாற்காலி எதுவும் யாரையும் எதுவும் தேட விடாமல் தடுக்காது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

நீ சொன்னதற்காகச் செய்யவில்லை. அந்த ‘பரவாயில்லை, நன்றி.’யை மறக்க முடியவில்லை.

தம்பி


மார்ச் 22

வந்தான். பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டான். உனக்கு உடனே எழுதவில்லை, எழுதக் கை ஓடவில்லை. மெலிந்து, யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்தான்.

நீ அனுப்பியதை இரண்டு தடவை படித்தேன். நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. உன் வேலையைப் பற்றி எழுதவும் இப்போது தெம்பில்லை. ஆனால் நான் ஒரு காரியம் செய்தேன். உன் காகிதங்களை அப்படியே அவன் மேசையில் வைத்தேன். உன் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா?

“மாமாவுக்கு யாரும்மா சொன்னது?” என்றான்.

“நான் சொல்லலடா. அவனா கண்டுபிடிச்சான்.”

“எப்படி?”

சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

“அப்ப என்னைப் பத்தி நீ தேடினதை எல்லாம் அங்க ஆபீஸ்ல உக்காந்து படிச்சிருக்காங்க. என் கை நடுங்கறது வரைக்கும். அந்த எலெக்ட்ரீஷியனுக்காக ஊரெல்லாம் சண்டை போட்டியேம்மா, எனக்காக யார் போடுவா?”

கற்றையை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவன் சொன்னது அத்தனையும் நான் உனக்கு எழுதியது.

அக்கா


மார்ச் 29

அக்கா,

அவன் சொல்வது சரி. எங்கள் பிரிவில் அந்தப் பதிவை வாசித்த நாலு பேரில் மூன்று பேருக்கு அது யார் என்று தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். நான் வாசிக்காமல் இருந்திருந்தால் காகிதமும் வந்திருக்காது. இதை எந்தப் பக்கம் திருப்பினாலும் குத்துகிறது.

அவன் என்னோடு பேச வேண்டாம். என் பெயரைக்கூட வீட்டில் எடுக்காதே. ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவிடாதே, அதை மட்டும் எப்படியாவது அவன் காதில் போடு.

இங்கே நாற்காலிகள் நலம்.

தம்பி


கிளை நூலகம்
ஏப்ரல் 21

அன்புள்ள தம்பி,

ஒரு மாதமாக எழுதவில்லை. திட்டாதே.

அவன் கிழித்ததைப் பொறுக்கி எடுத்து ஒட்டினேன். பிறகு உட்கார்ந்து என் கையெழுத்தில் முழுக்கப் பார்த்து எழுதினேன். உன்னைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. மகன், தாய் என்றுகூட இல்லை. ‘உங்களுக்கோ உங்களுக்கு வேண்டியவருக்கோ’ என்று ஆரம்பித்தேன். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போகப் பிடிக்கவில்லை, அதனால் ஆறு பிரதியும் கையாலேயே. விரலில் காய்ப்பு வந்துவிட்டது. அவற்றை நூலகத்தில், பஸ் நேர அட்டவணை வைத்திருக்கும் அலமாரியில் வைத்தேன். அந்த அலமாரி என் மேசையிலிருந்து தெரியாது, தூண் மறைக்கும். எண் போடவில்லை, முத்திரை குத்தவில்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம், திருப்பித் தர வேண்டியதில்லை. என் பணிக்காலத்தில் கணக்கில்லாமல் நான் வைத்த ஒரே சரக்கு இதுதான். உன் கொள்கைக்காரர்கள் வந்து கேட்டால் பஸ் விசாரணை என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதல் வாரம் இரண்டு பிரதி குறைந்தது. எழுதி வைத்தேன். மறுபடி ஒன்று குறைந்தது. யாராக இருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது, அதை மறைப்பானேன். வாசலில் வருகைக் கையெழுத்து இருக்கிறது, அன்றைக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகக் கழித்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறக்கவே செய்தேன். மூடிவிட்டேன்.

வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. தூங்குகிறான், எழுகிறான், சாப்பிட்டால் சாப்பிடுகிறான். என்னோடு தேவைக்கு மட்டும் பேச்சு. “மாத்திரையை டக்குனு நிறுத்தாதடா” என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். “தெரியும்” என்றான். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன்.

இன்று காலை துணி ஊற வைக்கும்போது அவன் சட்டைப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. எனக்கு வேறு பயம், மாத்திரையோ என்று. எடுத்தால், எட்டாக மடித்த காகிதம். உன் கையெழுத்து இல்லை, என் கையெழுத்து. அலமாரிப் பிரதி. பள்ளிக்கூடம் முடித்த பிறகு அவன் இந்த நூலகத்துக்குள் கால் வைத்ததில்லை. நான் வார விடுமுறையில் இருக்கும் திங்கட்கிழமை பார்த்து வந்திருக்க வேண்டும். என் எழுத்து என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் எடுத்திருக்கிறான். கடைசிப் பக்கத்தில் போன் நம்பருக்குப் பக்கத்தில் அவன் எழுத்தில், கோணலாக, ‘வியாழன் 10.30’ என்று இருந்தது.

வாளித் தண்ணீர் வழிந்து ஓடியதுகூடத் தெரியவில்லை. ஓடிப் போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ‘கூட வரட்டுமாடா’ என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால் கெட்டது. அவனுக்கென்று யாருக்கும் தெரியாத இடம் ஒன்று இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

காகிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தேன். அந்தச் சட்டையை மட்டும் ஊற வைக்காமல் அவன் நாற்காலியிலேயே போட்டுவிட்டேன். வெளியே வந்து, “சோப்பு தீந்துபோச்சுடா, உன் சட்டை நாளைக்குத்தான்” என்றேன். “சரிம்மா” என்றான்.

வியாழக்கிழமை நான் வழக்கம்போல வேலைக்குப் போவேன். அன்றைக்கு எந்த அலமாரியைக் கலைத்து அடுக்கப் போகிறேனோ தெரியாது. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் சொல்லிவிட்டேன். ஆனால் நீ போன் செய்யாதே, லீவு போட்டுக்கொண்டு வந்து நிற்காதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. எனக்கு எதுவும் தெரியாது. உனக்கும் தெரியாது.

அக்கா